‘தானாக’ என்றொரு சொல்: இறப்பரில் இருந்து சிப் வரைக்கும் ஒரு சங்கிலியின் கதை

நனோ என்ற சொல் எங்கட நாட்டில பரவலா வாய்க்கு வந்தது 2021 இல்தான். இரசாயன உரத்துக்குத் தடை விழுந்து விவசாயிகள் தெருவுக்கு இறங்கியிருந்த நேரம், ஒக்ரோபர் மாதம் இந்தியாவில் இருந்து விமானத்தில் நனோ நைதரசன் திரவ உரம் வந்து இறங்கியது. அந்த உரம் வேலை செய்ததா இல்லையா என்ற சண்டையை இன்னொரு நாளைக்கு வைப்பம். எங்களுக்கு உறுத்தியது வேறு. நனோ என்று யாராவது சொன்னவுடனேயே மேற்கொண்டு கேள்வி கேட்க எங்களுக்குள் ஒரு கூச்சம் வந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத விசயம், பெரிய ஆக்கள் பார்த்துக்கொள்ளுவினம் எண்ட மாதிரி.

நனோப் பொருட்கள் பற்றிய எழுத்துகளை வாசிக்கத் தொடங்கினால், கூடவே இன்னொரு சொல்லும் வந்துகொண்டே இருக்கும். அது ‘தானாக’. மூலக்கூறுகள் தானாக ஒன்றுகூடுகின்றன, தானாக அடுக்காகின்றன, தானாகக் கட்டமைப்பாகின்றன. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்தச் சொல்லுக்குள் யாருடைய வேலை மறைந்து போகிறது என்று பார்க்க வேண்டும் போலத் தோன்றியது. அதற்காக ஒரே ஒரு வகைப் பொருளை எடுத்துக்கொண்டோம்: பிளொக் கோபொலிமர். பாடசாலையில் பல்பகுதியம் என்று படித்தோமே, அதே பொலிமர்தான். ஆனால் ஒரு சங்கிலிக்குள் இரண்டு இனம். சங்கிலியின் ஒரு துண்டு முழுக்க ஓர் இனம், அடுத்த துண்டு முழுக்க மற்ற இனம், நடுவில் அறுக்க முடியாத ஒரு முடிச்சு.

இன்றைக்கு இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் கணினிச் சிப்பில் இருந்துதான் தொடங்குவார்கள். வரலாறு அங்கே தொடங்கவில்லை. இறப்பரில் தொடங்கியது.

முதலில் சங்கிலி என்று ஒன்று இருக்கிறது என்பதையே நம்ப வைக்க வேண்டியிருந்தது. 1920 இல் ஜேர்மன் இரசாயனவியலாளர் ஹேர்மான் ஷ்டௌடிங்கர், இறப்பர் போன்ற பொருட்கள் ஆயிரக்கணக்கான அலகுகள் சாதாரண இரசாயனப் பிணைப்பால் கோத்த நீண்ட மூலக்கூறுகள் என்று எழுதினார். அந்தக் காலத்துப் பெரியவர்களில் அதிகமானோர் அதை ஏற்கவில்லை. சின்னச் சின்ன மூலக்கூறுகள் ஏதோ ஒரு பலவீனமான கவர்ச்சியால் கும்பலாக ஒட்டிக்கொண்டு இருக்கின்றன, அவ்வளவுதான் என்பது அவர்கள் வாதம். ஷ்டௌடிங்கர் அதற்குச் செய்த சோதனை எங்களுக்கு மிகவும் பிடித்தது. அவர்கள் சொல்லும் கவர்ச்சி, இறப்பரில் உள்ள இரட்டைப் பிணைப்புகளில் இருந்துதான் வரவேண்டும். சரி, ஐதரசனைச் சேர்த்து அந்த இரட்டைப் பிணைப்புகளையே இல்லாமல் செய்து பார்த்தார். கும்பல் என்றால் அது கலைந்து, ஆவியாகக்கூடிய சின்ன மூலக்கூறுகளாகப் போயிருக்க வேண்டும். போகவில்லை. முதல் இருந்த அதே பிசுக்கு அப்படியே இருந்தது. 1922 இல் அந்த முடிவோடு ‘பெருமூலக்கூறு’ என்ற சொல்லும் அச்சில் வந்தது. நோபல் பரிசு கிடைக்க 1953 வரைக்கும் காத்திருந்தார்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ‘சின்னச் சின்ன அலகுகள் பலவீனமான விசையால் ஒன்றுகூடி நிற்கின்றன’ என்று எதிராளிகள் சொன்னது இறப்பருக்குப் பிழை. நாற்பது வருடம் கழித்து, அந்த நீண்ட சங்கிலிகளே பலவீனமான விசைகளால் ஒன்றுகூடி நிற்பதைப் பார்க்கப் போகிறோம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு யுத்தம் வந்தது.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மலாயாவும் டச்சு இந்தியத் தீவுகளும் ஜப்பானின் கையில். நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் வந்துகொண்டிருந்த பெரிய வழி அடைபட்டுப் போக, மிச்சம் இருந்த முக்கியமான இடம் இலங்கை. 1876 இல் கியூ தோட்டத்தில் இருந்து வந்து கம்பஹாவின் ஹெனரத்கொடையில் நட்ட கன்றுகளின் பரம்பரை இங்கே களுத்துறையில், கேகாலையில், இரத்தினபுரியில் தோட்டம் தோட்டமாக நின்றது. மரத்தின் ஆயுளைப் பாராமல், இருக்கிற பாலை எல்லாம் இப்பவே எடு என்று ஒட்ட வெட்ட வைத்தார்கள். வெட்டியவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். யுத்தம் முடிந்து மூன்று வருடத்தில், 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. பொலிமர் வரலாற்று நூல்கள் 1942 ஐப் பற்றி எழுதும்போது இறப்பர் ‘வரத்து நின்றது’ என்று ஒரு வரியில் கடந்துவிடும். வரத்து என்றால் என்ன எண்டு எங்களுக்குத் தெரியும்.

இலங்கைப் பால் மட்டும் ஒரு உலக யுத்தத்துக்குக் காணாது. அமெரிக்க அரசு செயற்கை இறப்பருக்குப் பெரிய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பியூற்றாடையீன் மூன்று பங்கு, ஸ்ரைரீன் ஒரு பங்கு என்ற அளவில் கலந்து செய்தது, ஜி.ஆர்.எஸ் என்று பெயர். சில வருடங்களுக்குள் இலட்சக்கணக்கான தொன் உற்பத்தி. யுத்தம் முடிந்தபோது இரண்டு விசயம் மிஞ்சின: ஸ்ரைரீனும் பியூற்றாடையீனும் மலிவாக, ஏராளமாகச் செய்யும் ஆலைகள், அந்த இரண்டையும் வைத்து வேறு என்ன செய்யலாம் என்று யோசிக்கும் இரசாயனவியலாளர்கள்.

ஜி.ஆர்.எஸ் இல் அந்த இரண்டு அலகுகளும் ஒரே சங்கிலிக்குள் கண்டபடி கலந்து கிடக்கும். யார் பக்கத்தில் யார் என்று எந்த ஒழுங்கும் இல்லை. அதனால் அது முழுக்க ஒரே சீரான பொருள். நனோக் கட்டமைப்பு என்று எதுவும் அதற்குள் வராது. இதை ஞாபகத்தில் வைத்திருங்கோ.

மைக்கல் ஷ்வார்ஸ் 1909 இல் போலந்தில் பிறந்தவர். முப்பதுகளில் பலஸ்தீனத்துக்குப் போய், ஜெருசலேமில் முனைவர் பட்டம் எடுத்து, மான்செஸ்டரில் வேலை பார்த்து, 1952 இல் நியூயோர்க் மாநிலத்தின் சிரக்கியூஸுக்கு வந்தார். அங்கே அவர் இருந்தது வனவியல் கல்லூரி. பொலிமர் வரலாற்றின் முக்கியமான சோதனை ஒன்று நடந்த இடம் மரம் படிப்பிக்கிற கல்லூரி என்பது எங்களுக்குக் கொஞ்சம் சந்தோசம்தான்.

சாதாரணமாக ஒரு பொலிமர்ச் சங்கிலி வளரத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் அதன் நுனி ஏதோ ஒன்றோடு மோதிச் செத்துப்போகும். எப்போது சாகும் என்பது தற்செயல். ஆகவே ஒரே குடுவைக்குள் குட்டைச் சங்கிலி, நெட்டைச் சங்கிலி எல்லாம் கலந்து இருக்கும். ஷ்வார்ஸும் அவருடைய மாணவர்களும் நப்தலீனோடு சோடியத்தைச் சேர்த்து ஒரு கரும்பச்சைக் கரைசல் செய்தார்கள். நப்தலீன் வேறு ஒன்றும் இல்லை, அலுமாரிக்குள் போடுகிற பூச்சி உருண்டை. அந்தக் கரைசலுக்குள் ஸ்ரைரீனை விட்டதும் பச்சை போய்ச் சிவப்பு வந்தது, திரவம் தடித்தது. விட்ட ஸ்ரைரீன் எல்லாம் தீர்ந்த பிறகும் சிவப்பு மாறவில்லை. இன்னும் கொஞ்சம் ஸ்ரைரீன் விட்டால் திரும்பவும் தடிக்கத் தொடங்கியது. அதாவது சங்கிலியின் நுனி சாகாமல், சாப்பாட்டுக்குக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறது. 1956 இல் இதை வெளியிட்டபோது அவர் வைத்த பெயர் ‘வாழும் பொலிமர்’.

இந்தக் காத்திருக்கும் நுனிக்கு ஸ்ரைரீனைத்தான் கொடுக்க வேண்டும் என்று இல்லை. வேறு அலகைக் கொடுத்தால் அதையும் பிடித்துக்கொண்டு வளரும். முதலில் ஓர் இனம், அது தீர்ந்ததும் மற்ற இனம். பிளொக் கோபொலிமரை விரும்பிய நீளத்தில், விரும்பிய வரிசையில் கட்டும் வழி இதோடு திறந்தது.

ஆனால் அந்த நுனியை உயிரோடு வைத்திருக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒரு துளி ஈரம், கொஞ்சம் ஒட்சிசன், காற்றில் இருக்கிற காபனீரொட்சைட்டு, எது பட்டாலும் சிவப்பு போய்விடும், கதை முடிந்தது. கரைப்பானை, அலகை, குடுவையின் கண்ணாடிச் சுவரைக்கூடத் திரும்பத் திரும்பச் சுத்தப்படுத்த வேண்டும். வெற்றிடத்தில், கண்ணாடியை உருக்கி மூடிய பாத்திரத்துக்குள் வேலை. பின்னால் வரப்போகும் அந்த ‘தானாக’வுக்கு முன்பணம் கட்டியது இந்தப் பாத்திரங்களைக் கழுவிய மாணவர்கள்தான் என்று சொன்னால் மிகையாகாது.

அந்த மாணவர்களில் ஒருவர் ரால்ஃப் மில்கோவிச். பட்டத்துக்குப் பிறகு ஷெல் கம்பனிக்கு வேலைக்குப் போனார். ஷெல்லுக்கு அப்போது ஒரு தலையிடி இருந்தது. அவர்கள் செய்துகொண்டிருந்த செயற்கை இறப்பர், வல்கனைசுப்படுத்தும் முன்னம், சும்மா வைத்தாலே மெல்ல மெல்ல வழிந்துகொண்டு இருந்தது. வழியாமல் இருக்கச் சங்கிலியின் இரண்டு நுனியிலும் கொஞ்சம் பொலிஸ்ரைரீனைக் கட்டிப் பார்த்தார்கள். கிடைத்த பொருள் வழியாதது மட்டும் இல்லை. கந்தகம் போடாமலே, வல்கனைசுப்படுத்தாமலே, வல்கனைசுப்படுத்திய இறப்பர் மாதிரி இழுபட்டுத் திரும்பியது. சூடாக்கினால் உருகியது. ஆறவிட்டால் திரும்ப இறப்பர். 1965 இல் ‘கிரேற்றன்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. சப்பாத்து அடி, ஒட்டும் நாடா, பிள்ளைகளின் டயப்பரில் உள்ள பசை, பிறகு வீதிக்குப் போடும் தாரில் கலக்க என்று அது போகாத இடம் இல்லை.

ஏன் அப்படி நடந்தது? ஜி.ஆர்.எஸ் இல் இருந்த அதே ஸ்ரைரீன், அதே பியூற்றாடையீன். மாறியது வரிசை மட்டும்தான்.

எங்கட ஊர் வேலிச்சண்டையை வைத்து இதை விளங்கலாம். பொலிஸ்ரைரீனுக்கும் பொலிபியூற்றாடையீனுக்கும் ஒத்துவராது. விட்டால் எண்ணெயும் தண்ணியும் மாதிரிப் பிரிந்து போயிருக்கும். ஆனால் இரண்டும் ஒரே சங்கிலியில் கட்டுப்பட்டுக் கிடக்கின்றன. கதைபேச்சு இல்லாத இரண்டு சகோதரர் ஒரே வளவுக்குள் மாட்டிக்கொண்டது போல. ஊரை விட்டுப் போக முடியாது, ஒன்றாக இருக்கவும் முடியாது. நடுவில் வேலி போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் ஒதுங்குவதுதான் ஒரே வழி. கோடிக்கணக்கான சங்கிலிகளும் இப்படி ஒதுங்கினால், பொருள் முழுக்க மிக நுண்ணிய பிரிவுகளாகிவிடும். ஒரு பிரிவின் அளவு சங்கிலியின் நீளத்துக்கு மேல் போக முடியாது என்பதால் அது பத்து இருபது நனோமீற்றரில் நின்றுவிடுகிறது. கிரேற்றனில் பொலிஸ்ரைரீன் நுனிகள் ஒதுங்கிச் சின்னச் சின்னக் கட்டிகளாக இறுகிவிடுகின்றன. கந்தகம் செய்யும் வேலையை, அதாவது இறப்பர்ச் சங்கிலிகளைப் பிடித்து வைத்திருக்கும் வேலையை, அந்தக் கட்டிகள் செய்கின்றன. கிட்டத்தட்ட 100 பாகை செல்சியசுக்கு மேல் போனால் கட்டிகள் இளகி விடும். அதனால் திரும்ப அச்சில் வார்க்கலாம். கந்தகம் போட்ட டயரை அப்படிச் செய்ய முடியாது.

வளவில் யாருக்கு எத்தனை பரப்பு என்பதைப் பொறுத்து வேலியின் வடிவமும் மாறும். ஒரு இனம் மிகக் குறைவாக இருந்தால் உருண்டைகள். கொஞ்சம் கூட்டினால் நீண்ட உருளைகள். இரண்டும் சமமாக இருந்தால் பாய் அடுக்கினது மாதிரித் தட்டையான அடுக்குகள்.

இதைக் கண்ணால் பார்ப்பதும் ஒரு தனிப் பாடு. இரண்டு பொலிமரும் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஒரே மாதிரித்தான் தெரியும். 1960களின் நடுவில் ஒஸ்மியம் நாலொட்சைட்டு ஆவியைப் பிடிக்க விடும் முறை வந்தது. அது இறப்பர்ப் பக்கத்தை மட்டும் கறுப்பாக்கும். கண்ணுக்குப் பட்டால் கண்ணையும் கெடுக்கும், அவ்வளவு நஞ்சு. அப்படிச் சாயம் போட்டுத்தான் கோடும் புள்ளியுமான படங்கள் வந்தன. 1970 இல் பிறிஸ்ரல் பல்கலைக்கழகத்தின் அன்ட்ரூ கெல்லர் குழு, அச்சின் வழியாகத் தள்ளி எடுத்த கிரேற்றன் கம்பி ஒன்றை எக்ஸ் கதிரில் பார்த்தது. உள்ளே பொலிஸ்ரைரீன் உருளைகள் அறுகோண ஒழுங்கில், ஒரே பளிங்கு போல, கம்பி நெடுகவும் நேராக நின்றன. அந்த ஒழுங்கைக் கொடுத்தது அச்சின் வழியாகத் தள்ளிய விசை. இதுவும் ‘தானாக’ என்ற சொல்லுக்குள் காணாமல் போய்விட்ட ஒன்று.

கோட்பாடு பின்னால் வந்தது. முதலில் சப்பாத்து, பிறகுதான் சமன்பாடு! போலந்தில் பிறந்து பிரான்சில் வேலை செய்த லுட்விக் லைப்லர் 1980 இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையின் அடித்தளம். இரண்டு எண்களைப் பெருக்கச் சொன்னார்: இரண்டு இனத்துக்கும் உள்ள ஒவ்வாமையின் அளவு, சங்கிலியின் நீளம். இரண்டு பாதியும் சமமான சங்கிலியில் பெருக்கம் 10.5 ஐத் தாண்டினால் வேலி விழும். தாண்டாவிட்டால் சண்டை இருந்தும் கலந்தே கிடக்கும். இந்த எண்ணுக்குள் ஒரு பொறி இருக்கிறது. இன்னும் நுண்ணிய அமைப்பு வேண்டும் என்றால் சங்கிலியைக் குட்டையாக்க வேண்டும். குட்டையாக்கினால் பெருக்கம் 10.5 க்குக் கீழே போய் அமைப்பே இல்லாமல் போகும். சின்னதாக்க ஆசைப்பட்டவர்கள் எல்லாம் பின்னால் முட்டிக்கொண்டது இந்தச் சுவரில்தான்.

ஒரு இடறலையும் சொல்லாமல் விடக்கூடாது. 1986 இல் எட்வின் தோமஸும் கூட்டாளிகளும், உருளைக்கும் அடுக்குக்கும் நடுவில் புதிய வடிவம் ஒன்று இருப்பதாகக் காட்டினார்கள். இரண்டு வலைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னி, ஆனால் எங்கும் தொடாமல் ஓடும் அமைப்பு. வைரத்தின் அணு ஒழுங்கை ஒத்ததாகக் கருதி ‘இரட்டை வைரம்’ என்று பெயர் வைத்தார்கள். எட்டு வருடம் அது பாடப் புத்தக உண்மை. 1994 இல் இன்னும் கூர்மையான எக்ஸ் கதிர் அளவீடுகள் வந்தபோது வேறு பொலிமர்களில் கண்ட வலை வைரம் இல்லை, ‘ஜைரோயிட்’ என்று தெரிந்தது. அதே வருடம் மாற்சன், ஷிக் என்ற இருவரின் கணக்கும் ஜைரோயிட்டுத்தான் நிலைக்கும் என்றது. பிறகு பழைய மாதிரிகளைத் திரும்ப அளந்து பார்த்தால் அவையும் ஜைரோயிட். அளந்தவர்களில் பழைய கட்டுரையை எழுதிய தோமஸும் இருந்தார் என்பதைக் குறித்து வைக்கிறோம். அந்த ஜைரோயிட் மேற்பரப்பை அலன் ஷோன் என்பவர் 1970 இலேயே நாசாவில் இருந்தபடி கணித வடிவமாக எழுதி வைத்திருந்தார். பொலிமருக்காக இல்லை. பாரம் குறைந்த, வலிமையான கட்டமைப்புகளைத் தேடிக்கொண்டிருந்த இடத்தில்.

இவ்வளவு காலமும் ‘நனோ’ என்ற சொல் இந்தக் கதையில் பெரிதாக இல்லை. தொண்ணூறுகளில்தான் பார்வை மாறியது. அதுவரைக்கும் அந்த அமைப்பு இறப்பருக்கு வலிமை கொடுத்தது. இப்போது அந்த அமைப்பையே அச்சாக வைத்து வேறு பொருளை வார்க்கலாம் என்று யோசித்தார்கள். 1998 இல் கலிபோர்னியாவின் சந்தா பார்பராவில் சாவோ தொங்யுவான், கேலன் ஸ்ரக்கி முதலானோர் செய்தது இதற்கு நல்ல உதாரணம். சவர்க்கார உலகத்தில் நெடுநாள் புழங்கிய ஒரு மலிவான மூன்று துண்டுப் பிளொக் கோபொலிமரை அமில நீரில் கரைத்தார்கள். அது உருளைகளாகக் கூடியது. அந்த உருளைகளைச் சுற்றிச் சிலிக்காவைப் படிய விட்டு, பிறகு பொலிமரை எரித்து எடுத்தார்கள். மிஞ்சியது தேன்வதை மாதிரிச் சிலிக்கா. கண்கள் 5 இல் இருந்து 30 நனோமீற்றர் வரைக்கும். எஸ்.பி.ஏ.15 என்று பெயர். வினையூக்கிகளைத் தாங்கவும், பெரிய மூலக்கூறுகளை வடிக்கவும் இன்றைக்கும் உலகம் முழுக்க ஆய்வுகூடங்களில் செய்கிறார்கள்.

ஒரு வருடம் முன்னால், 1997 இல், பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகக் குழு ஒன்று உருண்டைகளாகும் பொலிமரை மெல்லிய படலமாகப் பூசி, அதை அச்சாக வைத்துக் கீழே இருந்த தளத்தில் துளைகள் செதுக்கியது. துளை ஒன்று 20 நனோமீற்றர், இடைவெளி 40. ஒரு சதுர சென்ரிமீற்றருக்குள் ஏறக்குறைய பத்தாயிரம் கோடி துளைகள். சிப் கம்பனிகள் நிமிர்ந்து உட்கார்ந்தது இதற்குப் பிறகுதான்.

நிமிர்ந்தவர்களுக்கு உடனேயே ஒரு சிக்கல். கிட்டப் பார்த்தால் ஒழுங்கு. எட்ட நின்று பார்த்தால் விரல் ரேகை. ஓரிடத்தில் கோடுகள் வடக்கே போகும், கொஞ்சம் தள்ளிக் கிழக்கே வளையும், நடுவில் முட்டி நிற்கும். வடிகட்டிக்கு அது பரவாயில்லை. ஒவ்வொரு கோடும் இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்ற சிப்புக்கு அது குப்பை. 2003 இல் விஸ்கொன்சினில் போல் நீலியின் குழு, தளத்தில் முதலே மெல்லிய இரசாயனக் கோடுகளைக் கீறி வைத்தது. பொலிமர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றது. 2008 இல், நாலில் ஒரு இடத்துக்கு மட்டும் அடையாளம் போட்டால் மிச்ச மூன்றையும் பொலிமரே நிரப்பும் என்று காட்டினார்கள். இந்தத் துறைக்குக் கிடைத்த பெயரைப் பாருங்கோ: ‘வழிநடத்திய தன்னொழுங்கு’. வழிநடத்தினால் அது தன்னொழுங்கா என்று அந்தப் பெயரை வைத்தவர்கள் யோசித்திருப்பார்களோ தெரியாது. எங்களுக்கு அதுதான் இருக்கிறதிலேயே நேர்மையான பெயராகப் படுகிறது.

இதற்கிடையில் ஐ.பி.எம் 2007 இல் வேறு ஒரு வழியைக் காட்டியது. சிப்புக்குள் கம்பிகளுக்கு நடுவே காப்பாக வெற்றிடத்தை வைக்க, பொலிமர் செய்த துளைகளைப் பயன்படுத்தியது. அங்கே துளை எந்த இடத்தில் என்பது முக்கியம் இல்லை, நிறைய இருந்தால் போதும். விரல் ரேகைக் குணத்தோடு மல்லுக்கட்டாமல் அதை அப்படியே ஏற்றுக்கொண்ட வேலை அது.

பெரிய கனவு, அதாவது ஒளியால் கீறும் முறையைப் பொலிமர் இடம்பெயர்ப்பது, நடக்கவில்லை. லைப்லரின் பொறி ஒரு காரணம்: எல்லோரும் பழகிய பொலிஸ்ரைரீன் அடிப்படைச் சங்கிலி ஒரு அளவுக்குக் கீழே பிரிய மறுத்தது, ஒவ்வாமை கூடிய புதிய சோடிகளைத் தேட வேண்டி வந்தது. குறைகள் இன்னொரு காரணம். ஆய்வுகூடத்தில் அழகான படம் வேறு, கோடிக்கணக்கான கோடுகளில் ஒன்றுகூடப் பிசகாத தொழிற்சாலை வேறு. அதற்குள் 13.5 நனோமீற்றர் அலைநீளத்து ஒளியில் கீறும் இயந்திரங்கள் தயாராகி, 2019 அளவில் பெருமளவு உற்பத்திக்குள் போய்விட்டன. அந்த இயந்திரம் கீறும் கோடுகளின் ஓரம் மணல் அரித்த கரை மாதிரிக் கரடுமுரடாக இருக்கும். அதன் மேல் பிளொக் கோபொலிமரைப் பூசிச் சூடாக்கினால் ஓரம் மழமழவென்று நேராகிறது. இப்போது சிப் ஆய்வுகளில் இந்தச் சங்கிலிக்குக் கொடுக்கப் பார்க்கும் வேலை இதுதான்: வேறொருவர் கீறிய கோட்டைத் திருத்துவது. சப்பாத்து அடியில் அதன் பழைய வேலை இன்னும் அப்படியே நடந்துகொண்டிருக்கிறது.